போலீஸ் வண்டி விதியை மீறினால் எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது? முழுமையான வழிகாட்டி

ஹெல்மெட் சோதனையில் நம்மை ஓரங்கட்டி நிறுத்தியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து, தலையில் ஒன்றுமில்லாமல் காக்கிச்சட்டையோடு ஒருவர் பைக்கில் அதே இடத்தைக் கடந்து போவார். சோதனையில் நிற்பவர் அவருக்கு ஒரு சல்யூட்டும் வைப்பார். தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் இது புதிதில்லை. இதைப் பார்த்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டுப் போவார்கள். சிலர் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், நாலு பேர் சிரிப்பார்கள். காக்கிச்சட்டைக்காரருக்கு இதனால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

அந்த வண்டி எண்ணின் மேல் செலான் விழ வைப்பது எப்படி, விழுந்த செலானை ஓட்டியவரே கட்ட வைப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். சாலையில் சண்டை போடுவதால் இது நடக்காது. பதில் எழுதியே தீர வேண்டிய ஒரு காகிதத்தைச் சரியான மேஜையில் கொண்டுபோய் வைத்தால் பெரும்பாலும் நடக்கும். நான் தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் மற்ற மாநிலங்களிலும் அடிப்படை ஒன்றுதான், மனு கொடுக்கும் அலுவலகங்கள் மட்டும் மாறும்.

சட்டத்தில் போலீஸுக்குச் சலுகை இருக்கிறதா?

பெரும்பாலான விஷயங்களில் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு ஹெல்மெட் பற்றியது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு அதில் விலக்கு உண்டு, போலீஸாருக்குக் கிடையாது. சீட் பெல்ட், கைபேசியில் பேசிக்கொண்டே ஓட்டுவது, ஒருவழிப் பாதையில் எதிரே வருவது, குடித்துவிட்டு ஓட்டுவது என எதிலும் சீருடைக்குத் தனி விதி எழுதப்படவில்லை.

சலுகை இல்லை என்பதோடு சட்டம் நிற்கவுமில்லை. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது 210-பி என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவர்களே அதை மீறினால், அந்தக் குற்றத்துக்கு உரிய அபராதத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்கிறது அது. ஹெல்மெட் போடாவிட்டால் 194-டி பிரிவின்படி நமக்கு 1,000 ரூபாய் என்றால் அவர்களுக்கு 2,000 ரூபாய். அதே 194-டி, மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பையும் சொல்கிறது. செலானில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. பின்னால் இதற்குத் திரும்ப வருகிறேன்.

210-பி பிரிவின் வாசகத்தில் ஒரு வழுக்கல் உண்டு. அமல்படுத்தும் ‘அத்தாரிட்டி’ என்று பொதுவாகச் சொல்லியிருப்பதால், டியூட்டியில் இல்லாத ஏட்டு தன் சொந்த பைக்கில் போனதற்கு இது பொருந்தாது என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் டெல்லி போக்குவரத்துப் போலீஸ் 2019 செப்டம்பரிலேயே, போலீஸார் விதியை மீறினால் இரட்டிப்பு அபராதம் என்று தன் ஆட்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. ஆகவே மனுவில் 210-பி பிரிவைத் தயங்காமல் எழுதுங்கள். பொருந்தாது என்று அவர்கள் நினைத்தால் அதை எழுத்தில் சொல்லட்டும்.

எது மீறல், எது மீறல் இல்லை

புகார் கொடுக்கும் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு தவறான புகார் போனால் அதைச் சாக்கு வைத்தே அடுத்த நாலு நியாயமான புகார்களையும் மூடிவிடுவார்கள். அதனால் முதலில் இதைச் சலித்துக்கொள்ளுங்கள்.

அவசர வேலையாகப் போகும் போலீஸ் வண்டிக்கு ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகளைப் போலவே சிவப்பு விளக்கைக் கடக்கவும் வேக வரம்பை மீறவும் 2017-ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இடம் கொடுக்கின்றன. உண்மையான அவசரம் இருக்க வேண்டும், சைரனும் சுழல்விளக்கும் இயங்க வேண்டும், அப்போதும் மற்றவர்களுக்கு ஆபத்து வராமல் கவனத்தோடு ஓட்ட வேண்டும். சைரன் இல்லாமல், விளக்கு இல்லாமல், சாவகாசமாக சிக்னலைத் தாண்டுகிற ஜீப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே வீடியோவில் சத்தம் பதிவாகியிருப்பது முக்கியம். பின்னணியில் சைரன் ஒலிக்கவில்லை என்பதே உங்கள் ஆதாரத்தில் பாதி.

சிக்னலில் போக்குவரத்துக் காவலர் கையசைத்து வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தால் விளக்கின் நிறம் செல்லாது, அவர் கைதான் செல்லும். அமைச்சர் கான்வாய் போகும்போது எடுத்த வீடியோக்கள் பெரும்பாலும் இதனாலேயே அடிபடும்.

மொபைல் செயலியில் போலீஸ் ஜீப்பின் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘இன்ஷூரன்ஸ் இல்லை’ என்று கொதிப்பவர்கள் உண்டு. வணிக நோக்கமில்லாத அரசு வாகனங்களுக்கு 146-ஆவது பிரிவே காப்பீட்டு விலக்கு தருகிறது. அதில் கை வைக்காதீர்கள். காவலரின் சொந்த பைக்குக்கு அந்த விலக்கு கிடையாது. அரசு வண்டியா, சொந்த வண்டியா என்பதை நம்பர் பிளேட்டே சொல்லிவிடும். தமிழ்நாட்டில் அரசுத் துறை வாகனங்கள் ‘ஜி’ வரிசையில் பதிவாகின்றன. புகைச் சான்றிதழைப் பொறுத்தவரை இப்படிப்பட்ட விலக்கு எதுவும் அரசு வண்டிகளுக்கு இல்லை.

சொந்த காரில் ‘போலீஸ்’ ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிவது தனிக் கதை. 2024 ஏப்ரல் இறுதியில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், தனியார் வாகனங்களில் இப்படி ஒட்டியவற்றை எடுக்க அவகாசம் கொடுத்து, மே 2 முதல் அபராதம் என்று அறிவித்தது. வழக்கறிஞர், டாக்டர், பிரஸ் ஸ்டிக்கர்களைப் பற்றித்தான் அப்போது பேச்சு அடிபட்டது, ஆனால் அறிவிப்பு போலீஸ் ஸ்டிக்கருக்கும் சேர்த்துத்தான். நம்பர் பிளேட்டில் எண்ணைத் தவிர எதை எழுதினாலும் அது தனி மீறல். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால், முன் பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கவாட்டில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. அதிகாரியின் கார் என்பதால் இது தளராது.

ஆதாரம் சேகரிப்பது

வண்டி ஓட்டிக்கொண்டே கைபேசியில் படம் எடுக்காதீர்கள். அது 184-ஆவது பிரிவின் கீழ் நீங்களே செய்யும் குற்றம், உங்கள் வீடியோவே அதற்குச் சாட்சியும் ஆகிவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் எடுக்கலாம், நடைபாதையில் நின்று எடுக்கலாம், டேஷ்கேம் (வண்டியின் முன்பக்கம் பொருத்தும் கேமரா) இருந்தால் இன்னும் நல்லது. டேஷ்கேமின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். கடை வாசலில் கிடக்கிற பாதி கேமராக்கள் ஏதோ ஒரு பழைய ஜனவரி 1-ஆம் தேதியிலேயே நிற்கும்.

ஹெல்மெட் இல்லை, சீட் பெல்ட் இல்லை, கையில் போன் இருக்கிறது என்பதற்கெல்லாம் வண்டி எண்ணும் ஆளும் ஒன்றாகத் தெரியும் ஒரு புகைப்படம் போதும். சிக்னல் மீறலுக்குப் போதாது. சிவப்பு விளக்கு, நிறுத்தக் கோடு, வண்டி எண் மூன்றும் ஒரே வீடியோவில் வர வேண்டும். எதிர்த்திசையில் வருவதற்கு ஒருவழிப் பலகையோ சாலைத் தடுப்போ படத்தில் தெரிய வேண்டும். ‘நூறில் போனார்’ என்பதைக் கைபேசி வீடியோவால் நிரூபிக்க முடியாது. அதை விட்டுவிட்டு, எத்தனை வண்டிகளை எந்தப் பக்கம் முந்தினார், யார் பிரேக் அடிக்க வேண்டி வந்தது என்று அபாயகரமாக ஓட்டியதை எழுதுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்ற சந்தேகத்துக்குப் பின்னால் மனு எழுதிப் பயனில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் 185-ஆவது பிரிவு வரும், அதை அளந்தால்தான் தெரியும். அந்த இடத்திலேயே 100 அல்லது 112-க்குப் பேசி, வண்டி எண்ணையும் போகும் திசையையும் சொல்லி, மூச்சுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அழைத்த நேரம் உங்கள் போனில் பதிவாகியிருக்கும், ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை நடந்ததா என்று பிறகு எழுத்தில் கேட்க அந்த நேரம் உதவும்.

மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேர விவரமும் போய்விடும். மின்னஞ்சலில் இணையுங்கள், அல்லது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். செலான் போட இது போதும். விஷயம் நீதிமன்றம் வரை போனால் பாரதிய சாட்சிய அதினியத்தின் (பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்று தேவைப்படும், அப்போது அசல் கோப்பு இல்லாவிட்டால் சிக்கல்.

பொதுச் சாலையில் படம் எடுப்பது தன்னளவில் குற்றமில்லை. வண்டியை மறிப்பது, சாவியைப் பிடுங்குவது, சட்டையைப் பிடிப்பது வேறு கதை. பணி செய்யவிடாமல் தடுத்ததாக பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 221, 132 பிரிவுகளில் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். முகத்தைக் காட்டி, ‘மாமூல் வாங்கும் நாய்’ என்ற ரீதியில் தலைப்பு போட்டு எக்ஸ் தளத்தில் ஏற்றினால் அவதூறு வழக்குக்கும் வழி திறந்துவிடுகிறீர்கள். எண், இடம், நேரம், மீறல் இவை மட்டும் போதும்.

முதல் புகார் எங்கே?

சென்னையில் என்றால் போக்குவரத்துப் போலீஸின் எக்ஸ் கணக்கில் படத்தோடு பதிவிடுவதுதான் சுலபமான வழி. அங்கே வரும் புகார்களுக்கு ‘செலான் போடப்பட்டது’ என்று பதில் வருவதுண்டு, காவலர்களின் வண்டிகளுக்கும் அப்படி வந்திருக்கிறது. எல்லாரும் பார்க்கும் இடம் என்பதால் வேலை ஆகிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ட்வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய சட்டக் கடமை யாருக்கும் கிடையாது.

கையெழுத்திட்ட மனு கொடுங்கள். சென்னை, தாம்பரம், ஆவடி, கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை, திருப்பூர் ஆகிய மாநகரக் காவல் எல்லைகளில் போக்குவரத்துத் துணை ஆணையருக்கு, நகல் காவல் ஆணையருக்கு. மற்ற இடங்களில் நேரடியாக மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு. அந்த வண்டி எந்த ஸ்டேஷனைச் சேர்ந்ததோ அதே ஸ்டேஷனில் போய்க் கொடுக்காதீர்கள். ‘விடுங்க சார், நம்ம ஏட்டுதான், சொல்லி வைக்கிறேன்’ என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பெரும்பாலான மாவட்டங்களில் புதன்கிழமை எஸ்.பி. நேரில் மனு வாங்குகிறார். போக முடிந்தால் போங்கள், மனு ஏற்பு ரசீது கேட்டு வாங்குங்கள். முடியாதவர்கள் ஒப்புகை வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம்.

மொட்டைக் கடுதாசி மட்டும் வேண்டாம். பெயரும் முகவரியும் இல்லாத மனுவை விசாரிக்காமலே முடித்துவைப்பது அலுவலக வழக்கம்.

தமிழ்நாட்டில் பலர் மறந்துவிடும் இன்னொரு இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். மோட்டார் வாகன ஆய்வாளருக்கும் செலான் போடும் அதிகாரம் உண்டு. அவர் போக்குவரத்துத் துறை ஆள், போலீஸ் அதிகாரிக்குக் கீழே வேலை செய்பவரில்லை. ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைப்பதும் அந்த அலுவலகம்தான். முன்னே சொன்ன மூன்று மாத உரிமத் தகுதியிழப்பைக் கேட்க வேண்டிய இடம் இதுதான். 2024 மே மாதம் நாங்குநேரியில் அரசுப் பேருந்தில் டிக்கெட் எடுக்க மறுத்த ஒரு காவலரின் வீடியோ பரவியதும் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். காவலர்கள் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை சொன்னது. உடனே மாநிலம் முழுக்க அரசுப் பேருந்துகளைத் தேடித் தேடி நோ பார்க்கிங், சீட் பெல்ட் என்று போலீஸ் அபராதம் போட்டது. கடைசியில் இரண்டு துறைச் செயலாளர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அசிங்கமான சண்டைதான், ஆனால் அரசு வண்டிக்கும் செலான் போட முடியும் என்பதை அந்த வாரத்தில் போலீஸே ஊருக்கு நிரூபித்துக் காட்டியது.

மனுவில் என்ன எழுத வேண்டும்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆவேசமும் வேண்டாம். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“பொருள்: டி.என். 00 ஜி 0000 எண்ணுள்ள காவல் வாகனம் போக்குவரத்து விதியை மீறியது. நடவடிக்கை கோரி.

மேற்படி எண்ணுள்ள வாகனம், (தேதி) அன்று காலை (நேரம்) மணிக்கு, (சாலை, சந்திப்பு பெயர்) இடத்தில், சிவப்பு விளக்கு எரியும்போது நிறுத்தக் கோட்டைத் தாண்டிச் சென்றது. சைரனும் சுழல்விளக்கும் இயங்கவில்லை. அந்த இடத்தில் கையால் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலர் யாரும் இல்லை. வீடியோ இணைத்துள்ளேன்.

1. மோட்டார் வாகனச் சட்டத்தின் உரிய பிரிவோடு 210-பி பிரிவையும் சேர்த்து இ-செலான் பதிவு செய்யவும். 2. அந்த நேரத்தில் வாகனத்தை ஓட்டியவர் யார் என்பதை 133-ஆவது பிரிவின்படி வாகனப் பிரிவிடம் பெற்று, அபராதத்தை அவரிடமே வசூலிக்கவும். 3. மேற்படி சந்திப்பின் கண்காணிப்பு கேமரா பதிவை இந்த மனு முடியும் வரை அழிக்காமல் வைக்கவும். 4. எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.”

இரண்டாவது கோரிக்கைதான் மனுவின் உயிர். அரசு வண்டியின் பதிவுச் சான்றில் உரிமையாளர் என்று இருப்பது ஒரு பதவியின் பெயர். செலான் அந்த அலுவலகத்துக்குப் போகும், யாரும் கட்டமாட்டார்கள், அல்லது அலுவலகச் செலவுக் கணக்கில் கட்டுவார்கள். நம் வரிப் பணத்தில் அபராதம் கட்டி நம்மிடமே ரசீது காட்டுவதில் யாருக்கும் புத்தி வராது. ஓட்டியவர் யார் என்று கேட்டால் சொல்ல வேண்டிய பொறுப்பை 133-ஆவது பிரிவு வண்டியின் உரிமையாளர் மேல் வைக்கிறது. ‘யார் ஓட்டினார் என்று தெரியவில்லை’ என்று போலீஸ் சொல்ல முடியாது. துறை வண்டி ஒவ்வொன்றுக்கும் பயணப் பதிவேடு உண்டு, எந்தத் தேதியில் யார் ஓட்டினார், எங்கே போனார், எத்தனை கிலோமீட்டர் என்று அதில் எழுதியே ஆக வேண்டும்.

கேமரா பதிவையும் கேட்கிறோம், அதனால் மனு கொடுக்கத் தாமதிக்காதீர்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்து புதியவை ஏறிக்கொண்டே இருக்கும். கேமராவில் சிக்கிய மீறலுக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ சொல்கிறது. அந்த வாரத்திலேயே மனு போய்ச் சேருவது நல்லது.

சீட் பெல்ட் புகாரில் ஒரு விஷயம். 194-பி பிரிவின்படி, பயணிகள் பெல்ட் போடாவிட்டாலும் மாட்டுவது ஓட்டுநர். முன் சீட்டில் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டரிடம் ‘ஐயா, பெல்ட் போடுங்க’ என்று சொல்ல எந்த ஓட்டுநர் காவலருக்குத் துணிச்சல் வரும்? அதனால் பக்கத்தில் இருந்தவரின் தோள்பட்டை நட்சத்திரங்கள் தெரிந்தால் அதையும் குறிப்பிட்டு, அவர் மேல் துறை நடவடிக்கை கேளுங்கள். ராத்திரி ரோந்து முடித்து, பகலில் பந்தோபஸ்துக்கு நின்று, தூக்கமில்லாமல் ஜீப் ஓட்டுகிறவர்களும் இதில் இருக்கிறார்கள். 2021-இல் காவலர்களுக்கு வார விடுப்புக்கே தனி அரசாணை போட வேண்டி வந்த துறை இது. கீழே இருப்பவர் தலையில் மட்டும் எல்லாவற்றையும் இறக்கிவிடும் புகார் மேலே இருப்பவருக்கு வசதியானது.

செலானும் துறை நடவடிக்கையும்

இவை இரண்டும் தனித்தனி. செலான் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வருவது. துறை நடவடிக்கை, இன்ஸ்பெக்டர் வரையிலான பதவிகளுக்கு 1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி வருவது. போலீஸார் பேச்சில் ‘3 ஏ’, ‘3 பி’ என்பார்கள். முதலாவது சிறு தண்டனைக்கான குறிப்பாணை, இரண்டாவது பெரிய குற்றச்சாட்டு. ஹெல்மெட் போடாததற்கு 3 பி எதிர்பார்க்காதீர்கள், வாய்மொழி எச்சரிக்கையோடு முடியும். திரும்பத் திரும்ப ஒரே ஆள், அல்லது யாருக்காவது அடிபட்டது என்றால் கேட்பது நியாயம். ஒன்று வந்துவிட்டது என்று இன்னொன்றைக் கைவிடத் தேவையில்லை. ‘எச்சரித்துவிட்டோம்’ என்ற பதில் செலானுக்கு ஈடாகாது என்று மறுமனுவில் எழுதுங்கள்.

பதில் வராவிட்டால்

ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். அப்புறம் முதல்வரின் முகவரித் துறையின் 1100 உதவி எண்ணில் பதிவு செய்யலாம். புகார் கடைசியில் அதே எஸ்.பி. அலுவலகத்துக்குத்தான் திரும்பும், ஆனால் இந்த முறை மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு எண்ணோடு திரும்பும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டமும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது.

எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது தகவல் உரிமைச் சட்டத்தில். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம், அல்லது தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மழுப்பினால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்டால், காரணம் சொல்வது எங்கள் வேலையில்லை, கோப்பில் இருப்பதைத் தருவதுதான் வேலை என்று முடித்துவிடுவார்கள். ‘ஏட்டு இன்னார் மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கை என்ன’ என்று கேட்டால் தனிப்பட்ட தகவல் என்பார்கள். 2012-இல் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை விவரங்களை அந்த வகையில் சேர்த்துவிட்டது. ஆகவே பெயரை விட்டுவிட்டு எண்ணிக்கையும் நகலும் கேளுங்கள். இந்த நிதியாண்டில் மாவட்டக் காவல் வாகனங்கள் மீது பதிவான இ-செலான்கள் எத்தனை, எந்தெந்தப் பிரிவில்? அவற்றில் 210-பி பிரிவின்படி இரட்டிப்பு அபராதம் விதித்தது எத்தனை? கட்டப்பட்டவை எத்தனை, நிலுவை எத்தனை? காவலர்கள் ஹெல்மெட் அணிவது பற்றி மாவட்டத்தில் அனுப்பிய சுற்றறிக்கைகளின் நகல். இன்ன தேதியிட்ட என் மனு மீதான கோப்புக் குறிப்புகளின் நகல். இப்படி.

யாருக்காவது அடிபட்டிருந்தால்

இதுவரை சொன்னது எல்லாம் அபராத விவகாரம். போலீஸ் வண்டி மோதி ஒருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ ஆட்டம் வேறு, அவசரமும் வேறு.

முதலில் 108. உதவி செய்கிறவரைச் சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது என்று 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது, பயப்பட வேண்டாம். அடுத்து, வண்டியை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். டயர் தடம், கண்ணாடித் துண்டுகள், எதிரே உள்ள கடைகளின் கேமராக்கள் எல்லாம் படத்தில் வரட்டும். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ‘போலீஸ் வாகனம் மோதியது’ என்று வண்டி எண்ணோடு எழுத வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் எழுதிய வரி பிறகு வருடக்கணக்கில் பேசும்.

எஃப்.ஐ.ஆரில் பி.என்.எஸ். 281, காயத்துக்கு 125, மரணத்துக்கு 106 (1) ஆகிய பிரிவுகள் வரும். நகல் இலவசம். அதே ஸ்டேஷன் ஜீப் என்றால், விசாரணையை வேறு அதிகாரிக்கு மாற்றக் கோரி எஸ்.பி.க்கு உடனே எழுதுங்கள். வழக்கே பதியவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 173 (4) பிரிவின்படி எஸ்.பி.க்குத் தபாலில் மனு, அப்புறம் குற்றவியல் நடுவரிடம். பணியின்போது நடந்ததாகச் சொல்லப்படும் செயலில் அரசு ஊழியர் மேல் புகார் என்றால், 175 (4) பிரிவு நடுவரை முதலில் மேலதிகாரியின் அறிக்கையைப் பெறச் சொல்கிறது. அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வாதமும் வரும். இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள். வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

நஷ்ட ஈடு தனி வழி. மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் ஓட்டுநரையும் அரசையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். காப்பீடு இல்லாத அரசு வண்டி என்றாலும் பணம் கிடைக்காது என்று பொருளில்லை, அரசே கொடுக்க வேண்டியிருக்கும். 2019 திருத்தத்துக்குப் பின் 166 (3) பிரிவு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள்.

துரத்திப் பிடிக்கும் விஷயமும் இதோடு சேர்ந்தது. 2018 மார்ச் 7-ஆம் தேதி திருச்சி துவாக்குடி பக்கத்தில், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியின் பைக்கை ஒரு இன்ஸ்பெக்டர் வண்டியில் துரத்திப் போய் உதைத்தார். பின்னால் இருந்த மனைவி கீழே விழுந்து இறந்துபோனார். ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையை மறித்தார்கள், இன்ஸ்பெக்டர் கைதானார். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்ப எல்லா வசதியும் இருக்கும்போது ஹெல்மெட்டுக்காகத் துரத்துவது, சட்டத்தை விட்டுவிடுங்கள், அறிவுக்கே பொருந்தாது. இப்படித் துரத்தப்பட்டு விழுந்தவர்கள் விபத்து வழக்கோடு மாநில மனித உரிமை ஆணையத்திலும் மனு கொடுக்கலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை.

போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013-இல் கொண்டுவந்த சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர் என்று வைத்துவிட்டார்கள். மரணம், கொடுங்காயம் போன்றவற்றுக்கு ஒரு நகல் அனுப்பி வையுங்கள். நம்பி உட்கார வேண்டாம்.

பழிவாங்குவார்களா?

இந்தப் பயத்தை லேசாகச் சொல்லிக் கடக்க முடியாது. பெரிய நகரத்தில் ஒரு ஹெல்மெட் புகாருக்காக யாரும் உங்களைத் தேடி வருவது அரிது. சின்ன ஊரில், ஒரே ஸ்டேஷன், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்றால் யோசிக்கத்தான் வேண்டும். தனி ஆளாகக் கொடுக்காமல் குடியிருப்போர் சங்கம், வியாபாரிகள் சங்கம், நுகர்வோர் அமைப்பு ஏதாவது ஒன்றின் கடிதத்தாளில் கொடுங்கள். ஒரு காவலரைக் குறிவைக்காமல், ‘எங்கள் பள்ளிச் சந்திப்பில் காவல் வாகனங்கள் தொடர்ந்து எதிர்த்திசையில் வருகின்றன’ என்று இடத்தைக் குறிவையுங்கள். உங்கள் உரிமம், காப்பீடு, புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கட்டும். டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். புகாருக்குப் பிறகு வீட்டுக்கு போன் வந்து ‘ஸ்டேஷனுக்கு வந்து பேசிட்டுப் போங்க’ என்றால், எழுத்தில் சம்மன் அனுப்பச் சொல்லுங்கள். போன் வந்த தேதி, நேரம், எண்ணைக் குறித்து, அன்றைக்கே எஸ்.பி. அலுவலகத்துக்கு முதல் மனுவின் எண்ணைக் காட்டி இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

பொய்ப் புகார் மட்டும் கூடாது. அரசு ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது பி.என்.எஸ். 217 பிரிவில் குற்றம். பழைய தகராறுக்காக வண்டி எண்ணை மாற்றி எழுதினால் மாட்டப்போவது நீங்கள்தான்.

செலான் போட்டாச்சு என்று பதில் வந்தால் அதன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து பத்து ரூபாய் வில்லையோடு இன்னொரு தகவல் மனு: அந்த எண்ணுள்ள செலானுக்குரிய தொகை கட்டப்பட்டதா, எந்தத் தேதியில், அரசுக் கணக்கிலிருந்தா, ஓட்டியவர் கையிலிருந்தா?